படிக்கிற வேலையை மட்டும் பார் என்று சொல்ல மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டியதும் அப்படித்தானே.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என்னிடம் படித்தவன். இப்போது திருவண்ணாமலையில் நல்ல வியாபாரம், சொந்த வீடு, கார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"டீச்சர், நீங்க சொன்னா என் பொண்ணு கேப்பா. காலேஜ்ல மரம், செடின்னு கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திரியறா. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்றாரு. எனக்கு அவமானமா இருக்கு. படிக்கிற வேலையை மட்டும் பாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்."

பேசிப் பார்க்கிறேன் என்றேன். மறுநாள் அந்தப் பெண்ணை கீழ்பென்னாத்தூருக்கு வரச் சொன்னேன். அவள், தோழிகள் இரண்டு பேர், ஒரு பையன் என்று நாலு பேராக பஸ் ஏறி வந்தார்கள். சாப்பாடு போட்டு மூன்று மணி நேரம் பேசினேன். பேசியது குறைவு, கேட்டதுதான் அதிகம். அவர்கள் போன பிறகு அவனுக்குப் போன் செய்யலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் அவன் ஒருவன் மட்டும் இப்படி நினைக்கவில்லை. நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு வந்தபோது எத்தனை பேர் "படிக்கிற பசங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்பதற்குக் கட்டைவிரல் போட்டீர்கள் என்று பார்த்தேன். எல்லாரும் என்னிடம் அ, ஆ எழுதியவர்கள். அதனால் பதிலையும் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சொல்ல மாட்டேன் தம்பி. அந்த ஒரு வார்த்தையை உன் பெண்ணிடம் நான் சொல்ல மாட்டேன்.

கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் சண்டை பெயரைப் பற்றியதாகிவிடும். அந்தப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் குழுவில் எழுதிய ஒருவர்கூட அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

பழைய கட்டிடத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் புங்கமரங்களை வண்டி நிறுத்தும் இடத்துக்காக வெட்டாதீர்கள் என்கிறார்கள். இதுவரை நட்ட கன்றுகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள், எது உயிரோடு இருக்கிறது என்று எழுதுங்கள் என்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் மரத்துக்குப் போக ஒரு வாய்க்கால் வெட்டித் தாருங்கள், நாங்களே மண்வெட்டி பிடிக்கிறோம் என்கிறார்கள். சருகை எரிக்காதீர்கள், ஒரு மூலையில் குழி வெட்டி மக்க விடுங்கள் என்கிறார்கள். கடைசியாக, முன்வாசலில் பச்சைப் புல்தரை வேண்டும் என்கிறார்கள்.

புல்தரையை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களிடமே சொல்லிவிட்டேன். நம் மண்ணில் அந்தப் புல் சித்திரை, வைகாசியில் தினமும் தண்ணீர் கேட்கும், நிழலும் தராது, ஆடும் மேயாது. யாரோ ஒரு ஐ.டி. கம்பெனி வாசலைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னேன். சுற்றுச்சூழலைக் காப்போம் என்று பிளாஸ்டிக் ஃபிளெக்ஸில் அடித்துக் கட்டியிருக்கிறீர்களே, அதுவும் "சுற்றுச்சூழல்" என்பதில் ஒற்று இல்லாமல்! பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்த நாளே கழற்றிவிட்டு துணியில் எழுதிக் கட்டியதாகப் படம் அனுப்பினான். ஒற்று வந்திருந்தது.

இப்போது என் கேள்வி. இந்தப் பட்டியலில் எது படிப்புக்கு வெளியே இருக்கிறது?

டெல்லியில் எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் போட்ட வழக்கில், சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்க வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003-ல் மறுபடியும் அழுத்திச் சொன்னது. அதன்பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடம் ஒன்றை எல்லா இளநிலைப் பட்டத்துக்கும் கட்டாயமாக்கியது. பி.காம். படிக்கிறவனும் எழுத வேண்டும், தமிழ் இலக்கியம் படிக்கிறவளும் எழுத வேண்டும். உன் பெண்ணும் அந்தத் தாளை எழுதித் தேறியவள்தான். தாளில் "மரங்களின் பயன்களை விளக்குக" என்றால் பக்கம் பக்கமாக எழுதலாம், அதற்கு மார்க். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தைப் பற்றி நாலு வரி மனு எழுதினால் அப்பாவைக் கூப்பிட்டு விடுவார்கள். இது என்ன பாடம்? நான் ஐந்தாம் வகுப்புக்கு அடிப்படைக் கடமைகளை நடத்தியிருக்கிறேன். அரசியலமைப்பில் 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் சேர்த்தது. 51ஏ பிரிவில், காடு, ஏரி, ஆறு, வனவிலங்குகளைக் காப்பது குடிமகனின் கடமை என்று இருக்கிறது. நீங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து ஒப்பித்தீர்கள். ஒப்பிக்கத்தான் சொல்லிக் கொடுத்தேன் போலிருக்கிறது.

கல்லூரிக்காரர்கள் மரத்துக்கு விரோதிகள் என்று நான் சொல்லவில்லை. வருஷா வருஷம் நடுகிறார்கள். படமும் போடுகிறார்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடும் "நாக்" அமைப்பின் ஏழாவது அளவுகோலில் பசுமை வளாகம், பசுமைத் தணிக்கை எல்லாம் வருகிறது. அதற்குச் சான்று வேண்டும். குழு வருவதற்கு முந்தின நாள் நர்சரியிலிருந்து வேன் வேனாகப் பூந்தொட்டி வந்து இறங்கி, குழு போன மறுநாள் அதே வேனில் திரும்பிப் போவதை ஒரு கல்லூரியில் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபத்து வாழைமரம்கூட மூன்று நாள் நிற்கும்.

நடும் நாளைப் பாருங்கள். ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் நாள், 1973-லிருந்து கொண்டாடுகிறார்கள். நல்ல நாள்தான், யார் இல்லை என்றது? ஆனால் நம் ஊரில் ஜூன் 5 என்றால் கத்திரி முடிந்து ஒரு வாரம். தரை இன்னும் அடுப்புக்கல் மாதிரி இருக்கும். ஜூலை முதல் வாரத்தில் வனமகோத்சவம், 1950-ல் மத்திய உணவு அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கியது. வடக்கே அப்போது பருவமழை பிடித்துக்கொள்ளும். நமக்கோ ஆடி, ஆவணியில் சாயங்கால மழை கொஞ்சம் வந்தாலும், மண்ணை நனைக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில் குழியில் வைத்தால் தீபத்துக்குள் வேர் பிடிக்கும், மாசி பங்குனியைத் தாங்கும். இது எந்த விவசாயியைக் கேட்டாலும் தெரியும். ஜூன் 5-ல் நட்டு, படம் எடுத்து, வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனால் அது நடவு இல்லை, கன்றுக்குப் போட்ட மாலை. உன் பெண்ணும் தோழிகளும் போன வருஷத்து ஜூன் குழிகளை ஒவ்வொன்றாகப் போய் எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலான குழிகளில் குச்சியும், நட்டவர் பெயர் எழுதிய தகரப் பலகையும்தான் மிச்சம். அந்தப் பட்டியலைத்தான் மனுவோடு வைத்தார்கள். முதல்வருக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான், புங்கமரத்தால் இல்லை என்பது என் யூகம்.

"தண்ணிக்கு எங்க போறது டீச்சர்" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம், எனக்கு அது பிடிக்கும். இருநூறு கன்று. கோடையில் ஒன்றுக்கு ஒரு தடவை பத்து லிட்டர், வாரத்துக்கு இரண்டு தடவை. இருநூறு பெருக்கல் இருபது, நாலாயிரம் லிட்டர். அந்தக் கல்லூரியில் படிக்கிறவர்கள் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பாட்டிலிலும் அரை லிட்டராவது மிச்சம் இருக்கும், பஸ் ஸ்டாண்டில் வாய் கொப்பளித்துக் கொட்டுவார்கள். அரை லிட்டர் என்றால் நாளைக்கு எழுநூற்று ஐம்பது, ஐந்து நாளைக்கு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. குறைவது இருநூற்று ஐம்பது லிட்டர். கை கழுவும் குழாயில் அது ஒரு மத்தியான வேளையிலேயே வந்துவிடும். எல்லாரும் ஒழுங்காக ஊற்றுவார்களா என்றால் மாட்டார்கள். பாதிப் பேர் ஊற்றட்டும், நூறு கன்று பிழைக்கும். கோடை விடுமுறையில் யார் ஊற்றுவது என்று நான் மடக்கினேன். ஊரிலேயே இருக்கும் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பேர் எழுதியே வைத்திருக்கிறார்கள்! இவர்களைப் பார்த்துத்தான் பொறுப்பில்லாமல் திரிகிறார்கள் என்கிறாய்.

சருகு விஷயத்தில் சட்டமே அவர்கள் பக்கம் இருக்கிறது. திறந்த வெளியில் குப்பை எரிக்கக்கூடாது, எரித்தால் ஐயாயிரம், மொத்தமாக எரித்தால் இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. நம் தெருவில் காலையில் கூட்டி எரிக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மருமகள் உட்பட.

அடுத்தது, "ஒன்று வெட்டினால் பத்து நடுவோம்." கல்லூரியிலும் இதைத்தான் சொல்கிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று வெட்டினால் நிழல் இன்றே போகும். பத்துக் கன்றின் நிழல் வர, பிழைத்தால், பதினைந்து இருபது வருஷம். இப்போது படிக்கிற பிள்ளைகள் மூன்று வருஷத்தில் வெளியே போய்விடுவார்கள். அவர்களுக்கு அந்தப் பத்தில் ஒரு இலைகூடக் கிடையாது. அரசு நிலத்து மரமாக இருந்தால் ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்டப் பசுமைக் குழுவைக் கேட்க வேண்டும். தனியார் மதிலுக்குள் அது செல்லாது என்று ஒரு உறவினர் எனக்குச் சட்டம் சொன்னார். இருக்கட்டும். சட்டம் கேட்காத இடத்தில் மனசு கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? திண்டிவனம் சாலையை அகலமாக்கியபோது நாம் இழந்த புளியமரங்களை நினைத்துப் பாருங்கள். செஞ்சிக்கு பஸ்ஸில் போனால் வெயில் முகத்தில் படாது, அப்படி ஒரு சாலை. சாலை வேண்டும்தான், எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகிறது. ஆனால் அதற்கு ஈடாக வைத்ததாகச் சொன்ன கன்றுகளை யாராவது எனக்குக் காட்டுங்கள்.

எதை நடுகிறோம் என்பதிலும் பிள்ளைகள் என்னைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். கல்லூரி வைக்க நினைத்தது கோனோகார்பஸ். சீக்கிரம் வளரும், ஆடு கடிக்காது, வேலி மாதிரி அடர்த்தியாக நிற்கும். ஆனால் அதன் மகரந்தம் மூச்சுக்கு ஆகாது, வேர் குழாயை உடைக்கிறது என்று 2023-ல் குஜராத் தடை போட்டது, பிறகு தமிழ்நாடும் போட்டது. இவர்கள் கேட்பது புங்கம், வேம்பு, இலுப்பை, நாவல், பூவரசு, வாகை. சென்னையில் 2016 வர்தா புயலில் விழுந்ததில் எத்தனை வெளிநாட்டு அழகு மரங்கள் என்று ஒரு பெண் எனக்கு விளக்கினாள். அவள் படிப்பது கணிதம். இது படிப்பு இல்லையா?

"இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நாலு பசங்க கத்தினா நடக்குமா?" என்று ஒரு பதிவு. நடந்திருக்கிறது. நம் ஊரில் இல்லாவிட்டாலும் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் நடந்திருக்கிறது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், 1974-ல் தொடங்கியது. அதை ஒட்டி காஞ்சா கச்சிபௌலி என்ற இடத்தில் 400 ஏக்கர். பாறை, புதர், குளம், மயில், புள்ளிமான், நட்சத்திர ஆமை. நிலம் அரசுக்குச் சொந்தம் என்று வழக்கில் தீர்ப்பும் வந்திருந்தது. ஐ.டி. பூங்காவுக்கு ஏலம் விடத் திட்டம். 2025 மார்ச் 30, யுகாதி. தொடர்ந்து விடுமுறை. கோர்ட் மூடியிருக்கும், எல்லாரும் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து மண் வாரும் இயந்திரங்கள் வரிசையாக இறங்கின. ராத்திரியிலும் விளக்குப் போட்டு வேலை. மாணவர்கள் போய்க் குறுக்கே நின்றார்கள், போலீஸ் தூக்கிக்கொண்டு போனது, தடியடியும் நடந்தது. அவர்கள் விடவில்லை. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று நிறுத்தியது. அதற்குள் சுமார் 100 ஏக்கர் மொட்டையாகிவிட்டது. விடுமுறையில் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டது நீதிமன்றம். அழித்ததைத் திரும்பக் கொண்டுவரத் திட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் அதிகாரிகள் அங்கேயே தற்காலிகச் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று அதே மாதம் எச்சரித்தது.

இதில் நான் கவனித்தது ஒன்று. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் மாணவர்கள் பக்கம் காகிதம் இல்லை. அதன்மேல் நிற்கும் மரமும் மானும் யாருடையது என்ற கேள்வியைத்தான் அவர்கள் எழுப்பினார்கள். பெரியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை, நாம் பட்டாவைப் பார்த்துப் பழகியவர்கள்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் என்று ஒரு அம்மா. பின்னாளில், 2004-ல், அமைதிக்கான நோபல் வாங்கினார். அதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை. நைரோபி நகரத்தை ஒட்டிய கரூரா காட்டை வீடு கட்ட வேண்டியவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 1999 ஜனவரியில் அவர் காட்டின் வாசலில் ஒரு கன்று நடப் போனார், அடியாட்கள் மண்டையை உடைத்தார்கள். அதைப் பார்த்து நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அங்கேயும் அப்பா அம்மாக்கள் படிக்கிற வேலையைப் பார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதே வருஷம் பொது நிலத்தைப் பங்கு போடுவதை நிறுத்துவதாக அந்த நாட்டு அதிபர் அறிவித்தார். கரூரா இன்றும் காடாக இருக்கிறது, சனம் காலையில் நடைப்பயிற்சி போகிறது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் தாம்பரம் போங்கள். சென்னை கிறித்துவக் கல்லூரி 1937-ல் அந்தக் காட்டுக்குக் குடி போனது. எட்வர்ட் பார்ன்ஸ் என்று ஒரு வேதியியல் பேராசிரியர், செடி கொடி தேடி அலைந்து, வளாகமெங்கும் மரம் வைத்தார். வேதியியல்காரருக்கு இது எதற்கு என்று அன்று கேட்டிருந்தால் இன்று அங்கே காடு இருந்திருக்காது.

அதுவும் வேண்டாம், நம் மலையைப் பாருங்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அண்ணாமலை வெறும் பாறையும் புல்லும்தான். அந்தப் புல்லில் எண்ணெய் இருக்கும், ஒரு தீக்குச்சி போதும், மாசி பங்குனியில் ராத்திரி முழுக்க மலை எரியும். நாங்கள் மாடியில் நின்று வேடிக்கை பார்ப்போம். 1988-ல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்று ஆரம்பித்தார்கள். பிறகு த ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளை வந்தது. வனத்துறையும் சேர்ந்துகொண்டது. அவர்கள் நட்டதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் புல்லை வெட்டித் தீத்தடுப்புப் பாதை போடுவதும், தீ வந்தால் ஓடிப்போய் அடிக்க ஆள் வைத்திருப்பதும். மருதம் பண்ணைப் பள்ளிக் குழந்தைகள்கூட மலைக்கு மரம் நடப் போகிறார்கள். ஐப்பசியில் கிரிவலம் போகும்போது நாம் செல்ஃபி எடுக்கிற அந்தப் பச்சை முப்பது வருஷத்து வேலை. ஒரு ஜூன் 5-ல் வந்ததில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்லத்தான் போகிறேன்.

நான் தலைமையாசிரியையாக இருந்தபோது ஒரு பள்ளியில் கூடுதல் வகுப்பறை வந்தது. பள்ளி எது என்று அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேம்பு, அதன் அடியில்தான் சத்துணவு. கட்டிடத்தைப் பத்தடி தள்ளிப் போட்டால் மரம் தப்பும். தள்ளிப் போட்டால் வரைபடத்தை மாற்ற வேண்டும், மாற்றினால் இந்த வருஷத்து நிதி போய்விடும் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை வெட்டினார்கள். திங்கட்கிழமை ஒரு நாலாம் வகுப்புப் பெண் வந்து, "டீச்சர், எங்களை ஒரு வார்த்தைகூட கேக்கலையே" என்றாள். அதட்டி வகுப்புக்குப் போகச் சொன்னேன். என்ன சொல்லி அதட்டினேன் தெரியுமா? "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு." அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை பிள்ளைகள் மத்தியானம் தகரக் கொட்டகையின் கீழே வியர்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் பார்த்தேன். வகுப்பறை தேவைதான், பத்தடியும் இருந்தது. இரண்டு மாதம் அலைந்து அந்த வரைபடத்தை மாற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான் உண்மை.

ஆகவே தம்பி, அந்த முதல்வர் மேல் எனக்குக் கோபம் குறைவு. அவர் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கோபம் உன் மேல்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாலாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு கன்று கொடுத்தேன். உனக்கு வந்தது புங்கம். காலையில் மணி அடிக்குமுன் கிணற்றிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். வாய்ப்பாடு உனக்கு ஏழுக்கு மேல் ஏறாது, ஆனால் தண்ணீர் ஊற்ற ஒரு நாள் தவறியதில்லை. ஒரு திங்கட்கிழமை யாரோ ஆட்டை அவிழ்த்துவிட்டு, அது உன் கன்றைத் தண்டோடு கடித்துவிட்டது. நீ சாப்பிடாமல் அழுதாய். உன் அம்மா வந்து "இதுக்கா அழுவுற" என்று முதுகில் ஒன்று வைத்தார். செத்துவிட்டது, வேறு தருகிறேன் என்று நானும் சொன்னேன். நீ கேட்கவில்லை. முள் வெட்டி வந்து சுற்றிக் கட்டிவிட்டு அந்த மொட்டைக் குச்சிக்கே ஊற்றிக்கொண்டிருந்தாய். பதினைந்து நாளோ இருபது நாளோ, அடியில் துளிர்த்தது. என் வகுப்பு முழுவதையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய்.

அந்த மரம் இப்போது பள்ளிக் கூரையைத் தாண்டி நிற்கிறது. அந்தப் பள்ளிதான் உன் வாக்குச்சாவடி. ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறாய், வரிசையில் நிற்கும் முன் காரை எங்கே நிறுத்துகிறாய்? நான் இரண்டு தேர்தலாகப் பார்க்கிறேன். வண்டி நிறுத்துவதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை என்று உன் பெண் எழுதிய மனுவுக்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

பெண் பிள்ளை, பேர் அடிபடும், நாளைக்குக் கல்யாணம் என்று நீ போனில் இழுத்தாய். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை, நேரில் கேட்டுக்கொள். இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்ற பயம் மட்டும் எனக்கும் இருக்கிறது. அந்தப் பயம் பொய் இல்லை. அதனால்தான் பிள்ளைகளைத் தனியாக விடக்கூடாது என்கிறேன். நாலு மாணவர்கள் போய் நின்றால் ஒழுங்கு நடவடிக்கை. அப்பாவும் தாத்தாவும் வாத்தியாரும் கூடப் போய் நின்றால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். இதுதான் நம் ஊர் வழக்கம், உனக்கும் தெரியும்.

வருகிற திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு முதல்வரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்கள் வருகிறார்கள். வாகனங்களை அந்த மரங்களுக்கு இடையிலேயே நிறுத்த முடியும் என்று அளந்து ஒரு படம் போட்டு வைத்திருக்கிறான் அந்தப் பையன். சிவில் படித்த நம் மாணவர் யாராவது அதை ஒரு தடவை சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது, எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நர்சரி வைத்திருப்பவர்கள் புரட்டாசிக்கு இரண்டடிக்கு மேல் உயரமுள்ள புங்கமும் இலுப்பையும் எவ்வளவு தர முடியும் என்று சொல்லுங்கள். இனாமாக வேண்டாம், விலைக்கே வாங்கிக்கொள்கிறோம். இனாமாக வந்த கன்றுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

தம்பி, பத்தே முக்காலுக்குக் கல்லூரி வாசலில் இருப்பேன். உன் பெண் வருகிறாள். நீயும் வா. காரைப் பின்பக்கம், புங்கமர நிழலில் நிறுத்திவிட்டு வா.